அது ஷோ இல்லைங்க

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் கேவா பியூப்லோ என்ற பழங்குடி ஊர் மக்கள் ஆகஸ்ட் 4 அன்று ஆடும் மக்காச்சோள நடனத்தை, போனைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துப் படமெடுத்திருக்கிறார் நம் நண்பர். அதன்மேல் ஒரு குத்துப்பாட்டை ஏற்றி, 'வேற லெவல் வைப்' என்று வேறு போட்டிருக்கிறார். படம் எடுக்கக் கூடாதென்று அங்கே பலகையே உண்டு. இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாதா என்ன?

அது ஷோ இல்லைங்க. மழைக்கும் விளைச்சலுக்குமான வேண்டுதல்.

சில வருடம் முன்பு நானும் போயிருந்தேன். வெயில், புழுதித் திடல். நீலப்பச்சை தீட்டிய பலகையைத் தலையில் நிறுத்தி, கையில் ஊசியிலைக் கொப்போடு வெறுங்காலில் பெண்கள். இடுப்புக்குப் பின்னால் நரித்தோல் தொங்க, சுரைக்குடுக்கையைக் குலுக்கியபடி ஆண்கள். ஒரு சுற்று முடிந்ததும் பழக்கதோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பாட்டி என் மணிக்கட்டைத் தொட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். அவ்வளவுதான். அப்புறம் அவரே வீட்டுக்குக் கூப்பிட்டு மிளகாய்க் குழம்பும் அடுப்பு ரொட்டியும் போட்டார். முன்பின் தெரியாத எனக்கு! சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், அடுத்த பந்திக்கு வாசலில் ஆள் நிற்கும்.

'திறந்த வெளியில்தானே ஆடுகிறார்கள்?' ஆமாம். பார்க்க விட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு போல.

'பதிவு செய்யாவிட்டால் அழிந்துவிடும்' என்று ஒருவர் உருகியிருக்கிறார். 1923-ல் அமெரிக்க அரசின் பழங்குடியினர் விவகார ஆணையர் சார்லஸ் பர்க் அனுப்பிய சுற்றறிக்கையோடு போன பரிந்துரைகளைக் கேளுங்கள். நடனம் மாதம் ஒரு நாள், அதுவும் பகலில். ஆகஸ்ட் உள்பட ஐந்து மாதம் கூடவே கூடாது. ஐம்பது வயதுக்குக் கீழே யாரும் ஆடவோ பார்க்கவோ கூடாது. நான் போன அன்று என் முழங்கால் உயரப் பொடிசுகள் வரிசைக் கடைசியில் தாளம் தப்பாமல் ஆடின. ஆகஸ்ட் மாதத்தில். அரசாங்கத்தாலேயே அழிக்க முடியாததை உங்கள் போன் வந்துதான் காப்பாற்ற வேண்டுமாக்கும்.

அரிசோனாவின் பிரஸ்காட்டில் வெள்ளைக்காரக் கனவான்கள் 'ஸ்மோக்கி' என்று பெயர் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் சாயம் பூசி, ஹோப்பி பழங்குடி மக்களின் பாம்பு நடனத்தை 1921 முதல் 1990 வரை ஆடிக் காட்டினார்கள். அவர்களும் 'பாதுகாக்கிறோம்' என்றுதான் சொன்னார்கள். ஹோப்பிகள் எதிர்த்த பிறகுதான் நின்றது.

'நீ என்ன அவர்களுக்கு வக்கீலா?' இல்லை. அவர்கள் வீட்டில் சாப்பிட்டவன். இதை நண்பரிடம் தனிச்செய்தியில் தன்மையாகத்தான் சொன்னேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. பத்து வருடப் பழக்கம், ஒரு பொம்மை. போகட்டும்.

நண்பரே, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பன்னிரண்டாவது நொடியில் ஒரு பையன் ஆட்டத்தை விடாமலேயே நேராக உங்கள் சட்டைப் பையைப் பார்க்கிறான். பார்த்தீர்களா, இல்லை பாட்டு நன்றாக இருந்ததா?