16 மணி 45 நிமிஷமாமுங்க!

ரெண்டு ஊர் பேரைப் போட்டா தூரமும் பறக்கற நேரமும் சொல்ற வெப்சைட்டைக் கண்டுபுடிச்ச மவராசனை, ஒருக்கா ராத்திரி ஒன்றரை மணிக்கு கோபியில இருந்து கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்ட வெக்கோணும். பின்சீட்டுல என்ற அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா, உக்காந்து "சித்த வெரசா மிதி கண்ணு, பிளேன் எறங்கீரும்"னு சொல்லீட்டே வரோணும்.

அக்கா சான்பிரான்சிஸ்கோல பிளேன் ஏறுனப்ப நமக்கு வெள்ளிக்கிழமை காத்தால 11 மணி. அப்புச்சி செல்லைத் தடவிக் கண்டுபுடிச்சுட்டாரு: 14,200 கிலோமீட்டர், 16 மணி 45 நிமிஷம். வெரல் விட்டு எண்ணி, சனிக்கிழமை வெடியால 3:45-ன்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. "சிங்கப்பூர்ல மாறி வர்றாளுங்க அப்புச்சி, சனிக்கிழமை ராத்திரி பத்தாகும்"னு நானும் அம்மாவும் மாத்தி மாத்திச் சொன்னோம்.

"அப்ப செல்லுல போட்டிருக்கறது பொய்யாடா?"

அவ்வளவுதான், கார் சாவியை எடுத்தேன்.

3:20-க்கு ஏர்போர்ட் வாசல். கையில தூக்குப்போசி, அதுல பாசிப்பருப்புப் பாயசம், மூடி கழண்டுக்காம துண்டுல ஒரு முடிச்சு. ஏதோ பிளேன் எறங்கி ஆளுக வர வர, ஒவ்வொரு பொம்பளப் புள்ள மூஞ்சியையும் எட்டி எட்டிப் பாக்கறாரு. 4:10-க்கு அக்கா மெசேஜ்: "இப்பத்தான் சாங்கில எறங்குனேன்." அவ சிங்கப்பூர் மண்ணையே அப்பத்தான் மிதிக்கறா, இங்க பாயசம் ஆறிப் பாறையாயிருச்சு.

அந்த 16:45 எப்படி வந்துதுன்னா, பூமி உருண்டை மேல நூல் புடிச்சு தூரத்தை அளந்து, மணிக்கு சுமாரா 850 கிலோமீட்டர்னு வகுத்திருக்கான். அந்த நூல் இமயமலை, சைபீரியான்னு போகுது. பீளமேட்டுல இருந்து அந்த வழியா எவன் பிளேன் ஓட்டறான்? அவ வர்ற வழி சிங்கப்பூருக்கு 13,600, அங்கிருந்து இங்க 3,150. நடுவுல கிட்டத்தட்ட 14 மணி நேரம் சாங்கில தேவுடு காக்கோணும். அமெரிக்காவுக்குப் போகையில காத்து பின்னால இருந்து தள்ளும், வரையில மூஞ்சில அடிக்கும். அந்த ஆளுக்கு ரெண்டும் ஒரே நேரந்தான். கோபி பஸ் ஸ்டாண்டுல இருந்து சான்பிரான்சிஸ்கோன்னு அடிச்சாலும் 17 மணி நேரம்னு கூசாமச் சொல்லுவான் போல. எந்த ரேக்குல வந்து நிக்கும்னு சொன்னா முன்னாடியே போயித் துண்டு போட்டு வெச்சுருவோம். "இங்கிருந்து நேரடி பிளேன் கெடையாது"ன்னு ஒரு வரி போட்டா கை தேஞ்சா போயிரும்?

திரும்பி வந்து, பொழுதோட மறுபடியும் கெளம்பி, ஒரே நாள்ல 300 கிலோமீட்டர். ரெண்டாந்தடவை போறப்ப குன்னத்தூர் தாண்டையில அப்புச்சி செல்லைப் பாத்துட்டு, "ஏர்போர்ட்டுக்கு ஒண்ணே கால் மணி நேரந்தான்னு போட்டிருக்குது. நீ ஏண்டா இப்படி உருட்டறே?"ங்கறாரு. அம்மா சிரிச்ச சிரிப்புல எனக்கும் கோவம் ஓடியே போச்சு.

அதைச் சாக்கா வெச்சு ஒரு பேக்கரில நிறுத்துனேன். மூணு டீ, அப்புச்சிக்கு மட்டும் சக்கரை இல்லாமன்னு ரெண்டு தடவை சொன்னேனுங்க. மூணுலயும் சக்கரை!