பெருக்கித் துடைத்தால் 500 கலோரியா?

ஒரு மணி நேரம் பெருக்கித் துடைத்தால் 500 கலோரி போகும், அதைக் கலோரி கணக்கு வைக்கும் ஆப்பில் உடற்பயிற்சியாகப் போட்டு அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு.

பெருக்குவதும் துடைப்பதும் சுமார் 3.5 மெட் (MET, உழைப்பை அளக்கும் அலகு). 1 மெட் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு, கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 210 கலோரி வரும். அதில் 60 உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். மிச்சம் 150தான், ஏறக்குறைய மூன்று இட்லி. நின்றபடி பாத்திரம் கழுவுவது இன்னும் குறைவு, 2 மெட் பக்கம்.

அப்புறம், ஆப்பில் கணக்குத் தொடங்கும்போதே 'ஓரளவு சுறுசுறுப்பு' என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். தினசரி வீட்டு வேலை அதிலேயே அடக்கம். மறுபடி போட்டால் இரட்டைக் கணக்கு. எடை ஏன் இறங்கவில்லை என்று தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்காக வீட்டு வேலை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியை இழுத்து இழுத்துக் கூடம் முழுக்கத் துடைக்கும் என் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், முதுகு நனைந்துவிடும். அது உண்மையான உழைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வீட்டு வேலையை உடல் இயக்கமாகவே ஏற்கிறது. வாரம் 150 நிமிட மிதமான இயக்கத்தில் பெருக்கித் துடைப்பதைத் தாராளமாகச் சேர்க்கலாம். சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.