டோனி மொண்டானா நிஜ ஆள் இல்லை

மேலே சத்துவாச்சாரி அண்ணன் போட்டிருப்பது: "டோனி மொண்டானா மியாமியில் நிஜமாகவே வாழ்ந்த கியூபா ரவுடி. சின்ன வயதில் ஹாலிவுட் ஹீரோக்களைக் கும்பிட்டே கெட்டுப்போனான். நம்ம காட்பாடிப் பசங்களும் அப்படித்தான் ஆவார்கள்."

அண்ணே, அப்படி ஒரு ஆளே கிடையாது. 1983இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்காக ஆலிவர் ஸ்டோன் எழுதிய பாத்திரம் அது. அதுவும் 1932இல் இதே பெயரில் வந்த படத்தின் மறு ஆக்கம். பழைய படத்தில் கொஞ்சம் சிகாகோவின் நிஜ ரவுடி அல் கபோன் சாயல் உண்டு. ஆனால் கபோன் குடியேறி வந்தவர் இல்லை, நியூயார்க் புரூக்ளினிலேயே பிறந்தவர். படத்தில் டோனி வருவதுபோல, 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் அமெரிக்காவுக்குப் படகேறி வந்தது மட்டும் நிஜம். அதில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள்.

அப்புறம் அந்த ஹீரோ விஷயம். 1983 படத்தின் ஆரம்பக் காட்சியில் அமெரிக்க அதிகாரிகள் டோனியிடம் ஆங்கிலம் எங்கே கற்றாய் என்று கேட்கிறார்கள். அப்பா படத்துக்குக் கூட்டிப்போவார், ஹம்ஃப்ரி போகார்ட், ஜேம்ஸ் கேக்னி போன்ற, ரவுடி வேஷம் கட்டிய பழைய ஹாலிவுட் நடிகர்களைப் பார்த்துப் பேசக் கற்றேன் என்கிறான். பேசத்தான்! துப்பாக்கி பிடிக்க இல்லை. அந்தக் கேக்னிக்கு ஆஸ்கர் வாங்கித் தந்ததே 1942இல் வந்த ஓர் ஆட்டம்பாட்டுப் படம்தான். நம்ம நம்பியார் சாமியை நினைத்துக்கொள்ளுங்கள்: திரையில் வில்லன், சபரிமலையில் குருசாமி.

கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் காட்பாடிப் பசங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பால் வீணாகிறது என்று திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.