புன்னையும் உப்புக்காற்றும்: ஒரு திருத்தம்

கடற்காற்றில் உள்ள உப்பு புன்னையின் இலைகளைக் கருக்கிவிடும் என்பதால் கடலோரத் தோட்டங்களில் அதை நடக்கூடாது என்று ஒருவர் கருத்து பதிவிட்டுள்ளார். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கேலோஃபில்லம் இனோஃபில்லம் என்னும் தாவரப் பெயருடைய புன்னை, கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை, அலையேறும் எல்லைக்குச் சற்று மேலுள்ள மணலில் தானாகவே முளைத்து வளரும் மரம். அதன் இலை தடித்து, மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருப்பதே உப்புத்துளிகளைத் தாங்க உதவுகிறது. அந்த மரத்தால் தாங்க முடியாதது உறைபனிதான். நம் கடற்கரையிலோ அதற்கு இடமே இல்லை.

இதை எவரும் தாமே சரிபார்க்கலாம். முற்றி உலர்ந்த புன்னைக்காய் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். கடல்நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைப்பதே அம்மரம் பரவும் வழிகளுள் ஒன்று. தாவரப் பெயரை இட்டுத் தேடி, உலர்தாவரச் சேகரிப்புகளின் (காயவைத்துப் பாதுகாக்கும் தாவர மாதிரிகளின்) சீட்டுகளில் மாதிரி எடுக்கப்பட்ட இடங்களைப் பார்த்தால், கடற்கரை ஊர்களே திரும்பத் திரும்ப வரும். சங்கப் பாடல்கள் புன்னையை நெய்தல் நிலத்து மரமாகவே காட்டுகின்றன. கடலுக்கு அருகிலுள்ள மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே.

இளங்கன்றுகள் காய்ந்ததைக் கண்டு அப்படி எழுதியிருக்கக்கூடும். மணலில் நீர் நில்லாது என்பதால், வேர் ஆழமாக இறங்கும்வரை கோடையில் நன்னீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.