வூட்லயே பண்ணிக்கலாமாம்!

"இன்னாத்துக்கு துட்டு குடுத்துக்கினு? வூட்லயே பண்ணிக்கலாம்."

எங்கள் வீட்டில் எந்நேரமும் காதில் விழும் பேச்சு இது. இட்லி மாவு கடையில் வாங்கலாமா என்றால் இந்தப் பேச்சு. மிளகாய்த்தூள் பாக்கெட் எடுக்கலாமா என்றால் இந்தப் பேச்சு. போர்வையை லாண்டரியில் போடலாமா, மீனை அங்கேயே ஆய்ந்து வாங்கி வரலாமா, எதைக் கேட்டாலும் இதே பேச்சு. சொல்கிற யாரும் அந்த வேலையைத் தொடப் போவதில்லை. செய்யப் போவது நான். மிச்சமாகிற துட்டு குடும்பத்துக்கு, போகிற நேரம் என் தலையில். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

வடசென்னையில் தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்கு மணலிப் பக்கம் ஷிப்டு வேலை. பையன் காலேஜ், பொண்ணு பத்தாவது, அத்தைக்குச் சர்க்கரை, முட்டி வலி வேறு. நான் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போவதில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அப்படி ஒரு பெருமை. என் வீட்டுக்காரரும் படகு வந்ததும் ஏலத்தில் நின்று, பேரம் பேசி, சங்கரா இவ்வளவுக்கு முடித்தேன், நெத்திலி அவ்வளவுக்கு அள்ளினேன் என்று வந்து சொல்வார். கறுப்புப் பையை சிங்க்கில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, டீ கேட்பார். அவருடைய வேலை அத்தோடு முடிந்தது. என்னுடையது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நெத்திலி ஆய்ந்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கழுத்தில் நகத்தை வைத்துக் கிள்ளி இழுத்தால் தலையோடு குடலும் வரும். வராவிட்டால் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும். ஒரு கிலோவில் எத்தனை மீன் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனையைப் போட்டு உட்கார்ந்தால் முதுகு விட்டுப்போகும் வரை எழுந்திருக்க முடியாது. அப்புறம் கல் உப்பு போட்டு மண்சட்டியில் உரசி, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, மஞ்சள் தடவி வைக்க வேண்டும். நகக்கண்ணில் முள் குத்தி, மறுநாள் கடையில் பேனா பிடிக்கும்போது சுருக்கென்று வலிக்கும். புளியைத் தேய்த்துக் கழுவினாலும் கை வாடை போகாது. சிங்க்கில் செதில் அடைத்தால் குச்சி விட்டுக் குத்துவதும் நான்தான்.

காசிமேட்டிலேயே மீன் வெட்டிக் கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூடக் கொஞ்சம் கொடுத்தால் நெத்திலியும் ஆய்ந்து தருவார்கள். அது அவர்கள் பிழைப்பு, வேகமாகவும் சுத்தமாகவும் செய்வார்கள். அங்கே கொடுத்து வாங்கி வாங்க என்று சொன்னால் "அதுக்கு வேற துட்டு அழணுமா?" என்று வருகிறது பதில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும், எங்கள் வீட்டுக்குப் பை வருவதும் குறையும். அந்த இரண்டு மாதம்தான் ஞாயிறு காலையில் நான் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காருகிறேன்.

மாவு விஷயமும் அப்படித்தான். தெருமுனையில் கடை, வாளி நிறைய மாவு. வாங்கினால் ஒரு வேளை வேலை மிச்சம். கடை மாவில் சோடா போடுவான் என்கிறார் அத்தை. சரி, போடட்டும், போடாமல் இருக்கட்டும். வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, உளுந்து பொங்கி வரும் வரை கிரைண்டர் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்து, அப்புறம் அரிசியைப் போட்டு, கடைசியில் அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவி வைக்கிறவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுகிறார்களா? அத்தை அவர் காலத்தில் ஆட்டுக்கல்லில் ஆட்டியவர்தான். அவர் முட்டி தேய்ந்ததே அதில்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு முட்டி போனது போதாதா?

ஊரில் மற்ற பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு வேலையும் எங்களுக்கு உண்டு. தூசி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராப்பகலாகக் கன்டெய்னர் லாரி. காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பை மேட்டின் நாற்றம், இன்னொரு பக்கம் மணலி ஆலைகளின் வாடை. காலையில் துடைத்த தரையில் சாயங்காலம் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுத்துப்போகும். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை உதறினால் கறுப்புப் பொடி பறக்கும். ராயபுரத்தில் இருந்தபோது துறைமுகத்து நிலக்கரித் தூள் சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்ததாக அத்தை சொல்வார். கோர்ட்டு தலையிட்டு 2011-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ஆக, புகையும் தூசியும் யாருடைய லாபத்துக்கோ. துடைப்பம் மட்டும் எங்கள் கையில். பையன் சட்டையை எடுத்துப் பார்த்து, "ம்மா, சரியா தோய்க்கலியா?" என்கிறான். அவனுக்கு இருபது வயது. கையும் காலும் நன்றாக இருக்கின்றன.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன் மெட்ரோ வாட்டர் வரும், அடிபம்பில் அடிக்க வேண்டும், குடத்தைத் தூக்கி மாடி ஏற வேண்டும். முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற வீட்டுக்காரர் அந்நேரம் எழுந்துதான் இருப்பார். குடத்தைத் தாண்டிக்கொண்டு குளிக்கப் போவார்.

இனி சாப்பாடு. எங்கள் வீட்டில் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். முதல் ஷிப்டு என்றால் அவருக்கு ஐந்தரைக்கே கட்டுச்சோறு. அத்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, மாத்திரைக்கு முன்னால். பொண்ணுக்கு ஸ்கூல் டப்பா. பையன் எழுந்திருக்கிற நேரம் அவனுக்கே தெரியாது, ஆனால் எழுந்ததும் சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போனதைச் சாப்பிட மாட்டானாம். சாயங்காலம் வந்தால் மறுபடியும் இதே கதை. ஏழு மணிக்கு அத்தைக்கு, எட்டரைக்குப் பொண்ணுக்கு, இரண்டாம் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு ராத்திரி பதினொன்றுக்கு, நடுவில் எப்போதோ பையனுக்கு. அடுப்பைத் துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்து போட்ட பிறகு ஒருத்தர் வந்து "ரெண்டு தோச" என்பார். மறுபடி கல்லைப் போடு, மறுபடி பாத்திரம், மறுபடி துடை. சமைப்பதுகூட எனக்குப் பாரம் இல்லை. அடுப்படி மூடவே மூடாமல் கிடக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது.

ஓட்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்காது என்று சொல்கிற இதே ஆட்கள்தான், சிநேகிதர்களோடு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் மசாலா முட்டையும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அங்கே ஒத்துக்கொள்கிறது. அந்தத் துட்டுக்குக் கணக்கு இல்லை. எனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாள், அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் வாங்கி வரச் சொன்னேன். ஐந்து ரூபாய்தான், ஊரே சாப்பிடுகிறது. "நம்ம வூட்டு ஆளுங்க போய் அங்க நிக்கிறதா? மானம் போயிடும்" என்றார்கள். நான் காய்ச்சலோடு அடுப்பு முன்னால் நின்றேன். அதில் யார் மானமும் போகவில்லை.

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சல் என் பொண்ணைப் பார்க்கும்போதுதான். பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் "தட்டு எடுத்துப் போடும்மா", "பாட்டிக்குத் தண்ணி குடும்மா", "அண்ணனுக்கு ஆம்லெட் போடும்மா". அண்ணன் பக்கத்து அறையில் போனை நோண்டிக்கொண்டு படுத்திருக்கிறான். அவனை எழுப்பி டம்ளரைக் கழுவச் சொன்னால் அத்தை பதறுகிறார். "ஆம்பளப் புள்ளைய பாத்திரம் தேய்க்கச் சொல்றியே!" ஏன், தேய்த்தால் என்ன? கை தேய்ந்துவிடுமா? நான் இரண்டு கையையும் கொடுத்துவிட்டேன். என் பொண்ணு கையையும் இதற்கே கொடுக்க எனக்கு மனசு இல்லை.

"ஒரு ஆள் வெச்சுக்கயேன்" என்று எங்கள் கடை முதலாளி வீட்டம்மா சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கத்திலிருந்துதான் அவர்கள் பக்கத்துக்கு ஆள் போகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று எல்லா இடத்திலிருந்தும் காலை பஸ்ஸில் கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம், சௌகார்பேட்டை என்று பெண்கள் போகிறார்கள். என் எதிர்வீட்டு அக்கா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மத்தியானம் திரும்பி வந்து தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க உட்காருகிறார். அவருக்கு யார் ஆள் வைப்பது? அவருடைய சின்னப் பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து காலையில் ஒரு அடுப்பு வேலை குறைந்தது என்று மனசார வாழ்த்துவார். பள்ளிக்கூடம் ஒரு வேளை பொங்கலைப் போட்டால் ஒரு பெண்ணுக்கு மூச்சு வருகிறது. அதே வீட்டில் இருக்கிற அவர் புருஷன் ஒரு வேளை உலை வைத்தால் என்னவாம்?

நான் கணக்கு எழுதுகிறவள், கணக்காகவே சொல்கிறேன். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதற்கே ஒரு நாளில் 299 நிமிடம் போகிறது என்று வந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம், அதுவும் வீட்டு வேலையைத் தொடுகிற கொஞ்சம் பேருக்கு மட்டும். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் ஆண்கள் செய்தது இன்னும் குறைந்திருக்கிறது! தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 37 ரூபாயிலிருந்து குறைந்தபட்சக் கூலி வைத்தது. சொற்பக் கூலி அது. அதையே போட்டுப் பார்த்தாலும் 289 நிமிடத்துக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. வூட்லயே பண்ணிக்கலாம் என்று சொல்லி மிச்சம் பிடிக்கிற துட்டு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. அதை வாங்குகிற பெண்களைப் பார்த்து "அதான் கவர்மென்ட்டு துட்டு குடுக்குதே, வேலை பாரு" என்று ஒருத்தர் டீக்கடையில் பேசியதை என் காதால் கேட்டேன். அங்கேயே சண்டை போட்டிருப்பேன், பஸ் வந்துவிட்டது. நான் தினமும் ஹைகோர்ட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அந்தக் கோர்ட்டில்தான் 2023 ஜூனில் ஒரு சொத்து வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தைச் சேர்த்ததில் அடங்கும், அவளுக்கும் சரிபாதி உண்டு என்று சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எங்களை மாதிரி வாடகை வீட்டில் இருக்கிறவளுக்குப் பங்கு போடச் சொத்து ஏது? எனக்கு வேண்டியது வேலையில் பங்கு. எல்லோரும் தின்கிற வீட்டில் எல்லோரும் கழுவ வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன வாரம் வீட்டில் சொல்லிவிட்டேன். நெத்திலி வந்தால் ஆய்ந்து வர வேண்டும், இல்லை என்றால் வாங்கினவரே உட்கார்ந்து ஆயலாம், மனை அங்கேதான் இருக்கிறது. மாவு இனிமேல் கடையில்தான். பரீட்சை முடியும் வரை பொண்ணை யாரும் கூப்பிடக் கூடாது. ஒன்பதரைக்கு அடுப்பைத் துடைப்பேன், அதற்கு மேல் வருகிறவர்கள் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்க வேண்டும். பெரிய சத்தம் போட்டார்கள். அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நேற்று ராத்திரி பையன் பத்தரைக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானே கல்லைப் போட்டான். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. "ம்மா, வர மாட்டேங்குது" என்று கத்தினான். எண்ணெய் தடவி, அடுப்பைச் சிம்மில் வை என்று படுத்த இடத்திலிருந்தே சொன்னேன். எழுந்து போகவில்லை.