தெரிந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார்

கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் போதும், எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று ஊழியர் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிடும். போன முறை, நாலுக்கு 3.51-ஐ எட்டி அப்போதைய உச்ச கிரேடான ஏ பிளஸ் பிளஸ் வாங்கியாக வேண்டியிருந்தது! ‘பணியாளர்களிடையே அறிவுப் பகிர்வு’ என்று ஒருநாள் பயிலரங்கு. குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்ட பொன்னாடை. தேர்வுப் பிரிவு ஆட்களான எங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்? போட்டோவில் நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதாம். அலுவலகப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்தோம் என்று நாக்கின் ஆறாவது அளவுகோலில் காட்ட, எடுத்த இடம் பதிவான ஜியோடேக் படம் வேண்டுமே.

அந்த மாதக் கடைசியில்தான் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு ஓய்வு பெற்றார். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம், அரியர் வைத்திருக்கும் பழைய மாணவன் எந்தத் தாளுக்குப் பதில் எந்தத் தாள் எழுத வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது கல்விக்குழுத் தீர்மானங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். முழுசாக இருந்தது அவருடைய நீள நோட்டு ஒன்றில்தான். கோடு போட்டு, சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் ஃபைல் எண்ணோடு. யாருக்கும் தர மாட்டார். ‘சரியான கஞ்சன்’ என்பார்கள்.

ஏன் தர வேண்டும்? முன்பு ஒருமுறை அதையெல்லாம் டைப் செய்து கொடுத்தார். உதவிப் பதிவாளர் ஒருவர் அதில் தன் பேரைப் போட்டுக்கொண்டு, குடியரசு தினத்தன்று பாராட்டுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பீரோவுக்குள் போன நோட்டுதான். நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன்.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58-ஆக இருந்தது, 2020-இல் 59 ஆயிற்று, 2021-இல் 60 ஆயிற்று. இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தும் அவர் பக்கத்தில் ஒரு ஜூனியரை உட்கார வைக்க எவருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் என்றால் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. இவருக்குக் கடைசி நாள் சாயங்காலம் விடுவிப்பு ஆணை, ஒரு டீ, ஒரு மிக்சர் பொட்டலம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைப் பார்த்தேன்: பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர். முப்பது வருட சர்வீஸில் அவர் கற்றதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

இப்போது கவுன்டரில் திட்டு வாங்குவது நாங்கள். கனடா போகிற பையன் டிரான்ஸ்கிரிப்டுக்கு அலைகிறான். ‘தெரிந்தவர் ரிட்டயர் ஆகிட்டார் தம்பி, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்ல எனக்கே கூசுகிறது. தேர்வு சாஃப்ட்வேர் அத்தனையும் அத்துப்படியான பெண் ஒருத்தி இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். அவள் நிரந்தரப் பணியாளர் இல்லையாம், அதனால் விருதுப் பட்டியலுக்கே தகுதி கிடையாதாம். அவளும் நாளைக்கு வேறு வேலை கிடைத்தால் போய்விடுவாள். போகட்டும், நன்றாக இருக்கட்டும்.

பொன்னாடை யார் கேட்டது? எழுதிக் கொடுத்தவன் பேரை அந்தக் காகிதத்தில் போடுங்கள். அது போதும்.

இப்போதும் சிக்கல் வந்தால் சூப்பிரண்டு சார் வீட்டுக்குத்தான் போன் போடுகிறோம். பாவம், எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ‘உதவிப் பதிவாளர் கேட்கச் சொன்னார் சார்’ என்று வாய் தவறி வந்துவிட்டால் மட்டும் அவருக்கு டவர் கிடைப்பதில்லை.