பகலில் சோற்றைத் தள்ளி வைத்தால் ராத்திரி பிஸ்கட் டப்பா காலியாகும்

காலையில் ரெண்டு இட்லி. மதியம் ஒரு கப் பொரியல், சோறு கிடையாது. சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்படியில் நின்றபடியே பிஸ்கட், மிக்சர், சட்டியில் மிச்சமிருந்த குழம்புச் சோறு. படுக்கப் போகும்போது குற்ற உணர்ச்சி, "நாளையிலிருந்து கண்டிப்பா டயட்" என்ற சபதம். இந்தச் சுற்றில் மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்றே நம்புகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பகலில் கொடுக்காததை உடம்பு ராத்திரி கேட்டு வாங்கிக்கொள்கிறது. சரிசெய்ய வேண்டியது பகல் சாப்பாட்டை.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குக் கிடைத்தது சுமார் 1,570 கலோரி. சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் பசிக்குது" என்றவர்கள் உண்டு. நம்மூரில் பெண்களுக்கு 1,200 கலோரி சார்ட் சர்வசாதாரணமாகக் கைமாறுகிறது. அதைக் கடைப்பிடித்துவிட்டு இனிப்புக்கு ஏங்கினால் அது யாருடைய குணக்கேடும் இல்லை.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு முறையை எவலின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் வல்லுநர்கள் 1995இல் எழுதினார்கள். அதுதான் இன்ட்யூட்டிவ் ஈட்டிங். பசி, நிறைவு, திருப்தி என்று உடம்பு சொல்வதைக் கேட்டுச் சாப்பிடுவது. எடை குறைக்கும் திட்டம் இல்லை இது. "இப்படிச் சாப்பிட்டா மாசம் அஞ்சு கிலோ குறையும்" என்று யாராவது விற்றால் அவர் விற்பது இன்னொரு டயட்.

ஆனால் முதல் நாளே "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்று ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் பெரிய பிழை. வருடக்கணக்காகக் காபியிலும் டீயிலும் பசியை அமுக்கியவருக்குப் பசி ஒழுங்காகத் தெரியாது. மதியம் மூன்று மணி வரை ஒன்றுமே தோன்றாது, அதற்கப்புறம் தலைவலியும் கோபமுமாக ஒரேயடியாக வரும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது, பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அடுத்த வேளை நிச்சயம் உண்டு என்று உடம்புக்கு நம்பிக்கை வந்தால்தான் பசி ஒழுங்காகக் கேட்கத் தொடங்கும்.

அந்த வேளைகளில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ரெண்டு இட்லியில் சுமார் நாலு கிராம் புரதம்தான். தேங்காய்ச் சட்னியோடு அதை மட்டும் சாப்பிட்டால் பத்தரை மணிக்குப் பசிப்பது நியாயமான பசி. இட்லியைக் குறைக்காதீர்கள். கூடவே ஒரு முட்டை (6 கிராம்), அல்லது அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (7 கிராம் போல), அல்லது பருப்பு தாராளமாகப் போட்ட கெட்டி சாம்பார். மதியச் சோற்றை எடுத்துவிட்டு வெறும் காய் சாப்பிடுபவர், சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தாலே ராத்திரி வேட்டை பாதி அடங்கும்.

பிறகு பசிக்கு எண் போட்டுப் பழகலாம். 0 என்றால் மயக்கம் வரும் பசி, 10 என்றால் மூச்சு முட்டும் நிறைவு. மூன்றிலோ நாலிலோ உட்கார்ந்து, ஆறிலோ ஏழிலோ எழுவது நல்லது. ஒன்று வரை இறங்கிவிட்டால் வேகமாக அள்ளிப் போடுவோம். குடலிலிருந்து "போதும்" என்ற சமிக்ஞை மூளைக்குப் போய்ச் சேர 15, 20 நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்பதைத் தாண்டியிருப்போம். வயிறு கூப்பிட்டால்தான் பசி என்றில்லை. கவனம் சிதறுவது, காரணமில்லாத எரிச்சல், சாப்பாட்டு நினைப்பே திரும்பத் திரும்ப வருவது எல்லாமே பசிதான். எண்ணை நோட்டில் ஒரு வாரம் குறித்தால் போதும். கலோரியை எழுதாதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க நம் சாப்பாட்டு முறையே வழி வைத்திருக்கிறது. சாம்பார், ரசம், மோர் என்று மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு இடைவெளி உண்டு. சோறு முழுவதையும் முதலிலேயே மலையாகப் போட்டுக்கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டுக்கொண்டு, அடுத்ததற்கு முன் அரை நிமிடம் கையை நிறுத்திப் பாருங்கள். முதல் வாயில் இருந்த ருசி இப்போதும் இருக்கிறதா? ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிடும்போது அதன் ருசி மங்கும், அது உடம்பு தரும் தகவல். ரசத்திலேயே நிறைந்துவிட்டால் மோர்ச் சோற்றை வழக்கத்துக்காகச் சாப்பிட வேண்டியதில்லை. நிறையவில்லை என்றால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமான படி, பயந்து ஒதுக்கிய பண்டத்தை வீட்டுக்குள் திரும்ப அழைப்பது. இங்கேதான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பண்டம், உதாரணமாக மைசூர்பாக். இரண்டு பேர் வீட்டுக்குக் கால் கிலோ வாங்குங்கள். ஒரு துண்டு மட்டும் வாங்கினால் "இதுதான் கடைசி" என்ற பதற்றம் போகாது. கொலைப் பசியில் அதைத் தொடாதீர்கள். மதியச் சாப்பாடு முடித்து, தட்டில் வைத்து, உட்கார்ந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே கடை மைசூர்பாக். முதல் ஓரிரு முறை நாலைந்து துண்டு உள்ளே போகலாம். அதைப் பார்த்து மிரண்டு, மிச்சத்தை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் பட்டினி கிடந்தால் சுற்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுநாள் காலை வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டே ஆக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று மனசுக்கு உறைத்த பிறகு, டப்பாவில் துண்டுகள் கிடப்பதே மறந்துபோகும். தீபாவளிப் பலகாரத்தின் மேல் அவ்வளவு வேகம் வருவதற்கு, "இன்னைக்கு மட்டும்தான்" என்ற எண்ணம் ஒரு பெரிய காரணம்.

அமெரிக்காவில் எழுதப்பட்ட முறை என்பதால் அதில் நம் வீட்டுச் சிக்கல்கள் சில இல்லை. இங்கே பல வீடுகளில் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதைப் பரிமாறுகிற கை முடிவு செய்கிறது. "போதும் அத்தை, ரசத்துக்குக் கேட்டு வாங்கிக்கிறேன்" என்று சொன்னால் மறுப்பாகவும் தெரியாது, கரண்டியும் உங்கள் பேச்சைக் கேட்கும். இன்னொன்று, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பிறகு, மூன்று மணிக்கு, மிச்சத்தைச் சாப்பிடுவது. பிள்ளை விட்ட தோசை, நேற்றைய குழம்பு, சட்டியை வழித்த சோறு. வீணாகக் கூடாது என்ற அக்கறை நல்லதுதான், ஆனால் அதற்கு விலை ஒருத்தியின் வயிறாக இருக்கக் கூடாது. சமைத்து இறக்கியதும் உங்கள் பங்கை முதலில் எடுத்து மூடி வையுங்கள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. குழம்பு ஃப்ரிட்ஜுக்கு. இந்த மாற்றத்துக்கு வீட்டு ஆண்களும் ஒத்துழைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கலாம். எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். போனில் பாட்டைப் போட்டு வாயில் திணித்தால் தட்டு காலியாகும், நிறைவு என்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க: இன்சுலினோ கிளிமெபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் பசி வரட்டும் என்று வேளையைத் தள்ளக் கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டே திருப்தியைக் கவனிக்கலாம். காயும் பருப்பும் முட்டையும் முதலில், சோறு பிறகு என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். குளுக்கோமீட்டர் காட்டும் எண் தகவல்தான், அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிலருக்கு இது தனியாகச் செய்யும் வேலையே இல்லை. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, எடை வேகமாகக் குறைந்து மாதவிடாய் நின்றுபோவது, கட்டுப்பாடே இல்லாமல் அள்ளிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதமாக நடப்பது, இதில் எது இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து தமிழிலேயே பேசலாம்.